வாட்ச் நடை

எங்கள் பயணப் பை ஆலையில் தைப்பதற்கு இரண்டு நடை உண்டு. ஒன்று வீட்டு நடை, இன்னொன்று வாட்ச் நடை. வீட்டு நடையில் தைக்கிறவள் தன் இஷ்டத்துக்கு விரட்டித் தைப்பாள். மிச்சம் பிடித்த நேரத்தில் தண்ணீர் குடிப்பாள், கழிப்பறைக்குப் போவாள், பக்கத்து மெஷின்காரியிடம் மாமியாரைப் பற்றி நாலு வார்த்தை பேசி வயிற்றெரிச்சலைக் கொட்டுவாள். தைக்கிற நேரத்தை அளக்கும் வாட்ச்சுக்காரர் கையில் வாட்ச்சோடு வந்து நின்றால் நடை மாறிவிடும். தையல் நிற்காது. ஆனால் ஜிப்பை ஒரு தடவைக்கு இரண்டு தடவை நீவுவாள், பிசிறு இல்லாத இடத்தில் பிசிறு தேடுவாள், ஊசியைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்வாள். அவர் குறித்துக்கொண்டு போகும் வேகம்தான் மறுநாளிலிருந்து எல்லோருக்கும் இலக்கு. நிஜ வேகத்தைக் காட்டிவிட்டால் அப்புறம் தண்ணீரும் கிடையாது, கழிப்பறையும் கிடையாது.

இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. சேர்ந்த கொஞ்ச நாளிலேயே கை தானாகப் பிடித்துக்கொள்ளும். ஏமாற்று என்று சொல்கிறவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும், அவர்கள் யாரும் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து தைத்தவர்கள் இல்லை. நான் அங்கே பாக்கிங்கில் பாதி ஆயுளைக் கழித்தவன். பையை உறையில் போட்டு, பெட்டியில் அடுக்கி, நாடா இழுத்துக் கட்டுவது என் வேலை. என் மேஜையிலிருந்து பார்த்தால் மூன்றாவது லைன் முழுக்கத் தெரியும்.

மூன்றாவது லைனில் ஜிப் வைக்கிறவள் என் பக்கத்து வீட்டுக்காரி. ஆலையில் எல்லோருக்கும் ஜிப்பக்கா. பயணப் பையில் ஜிப் வைப்பதுதான் இருப்பதிலேயே சிக்கலான வேலை. வளைவில் கொஞ்சம் இழுத்தால் வாய் கோணிக்கொள்ளும், கொஞ்சம் விட்டால் பல் பிடிக்காது. அதனால் அவள் போகிற போக்குதான் லைன் போகிற போக்கு. அவளுக்கு முன்னால் இருப்பவர்கள் எவ்வளவு விரட்டினாலும் அவள் மேஜையில் வந்து குவியத்தான் செய்யும். நாற்காலி குட்டை என்று அதற்குமேல் பழைய துணியை மடித்துப் போட்டு உட்கார்ந்திருப்பாள். வேலை விட்டுப் போகும்போது அந்தத் துணியையும் பையில் வைத்துக்கொண்டு போவாள், திருட்டுப் போய்விடுமாம்.

அவள் புருஷன் அதே ஆலையில் மெக்கானிக். மெஷினைத் தொட்டுப் பார்க்கவே மாட்டார், தலையைச் சாய்த்துக் காதைக் கொடுப்பார், அப்புறம்தான் திருகுளியை எடுப்பார். இவர்கள் கல்யாணமே ஒரு பொய்யில்தான் ஆரம்பித்தது. அப்போது அவள் புதுசு. வாட்ச் நடையை ரொம்பவும் இழுத்துவிட்டாள். வாட்ச்சுக்காரருக்குச் சந்தேகம் வந்து மெக்கானிக்கைக் கூப்பிட்டு, மெதுவாகப் போவது மெஷினா இந்தப் பெண்ணா என்று கேட்டார். இவர் காதைக் கொடுத்துக் கேட்டார். மெஷின் பூனைக்குட்டி மாதிரி சுகமாக ஓடிக்கொண்டிருந்தது. "மெஷின்ல கோளாறு சார்" என்று சொல்லிவிட்டார். அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாளாம். அடுத்த வருடம் கல்யாணம்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவர்கள் வீட்டில் தும்மினால் இங்கே நான் மூக்கைத் துடைத்துக்கொள்ள வேண்டும். அதனால் அந்த வாரம் அவர்கள் வீட்டில் நடந்ததை நான் காது கொடுத்துக் கேட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது, அது தானாக வந்தது.

விஷயம் இதுதான். கடல் தாண்டிப் பெரிய பெரிய கடைகள் வைத்திருக்கும் ஒரு கம்பெனிதான் எங்கள் மூன்றாவது லைனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கம்பெனி இந்தத் தடவை ஒரே பையை இரண்டு நாட்டில் தைக்கக் கொடுத்துப் பார்க்கப் போகிறதாம். இங்கே ஒரு நாள், அங்கே ஒரு நாள். எங்கே சீக்கிரம் முடிகிறதோ அங்கேதான் மொத்த ஆர்டரும். மானேஜர் மெக்கானிக்கைத் தனியாகக் கூப்பிட்டு, மெஷினையெல்லாம் சரிபார்க்கச் சொல்லிவிட்டு, காதும் காதும் வைத்தாற்போல் இதையும் சொல்லியிருக்கிறார். உன் வீட்டுக்காரியை நிஜ வேகத்தில் ஓடச் சொல், இலக்கை ஏற்ற மாட்டேன், என் பிள்ளை மேல் சத்தியம் என்றாராம்.

போன தடவையும் அவர் சத்தியம் செய்தார். எந்தப் பிள்ளை மேல் என்று தெரியவில்லை. ஜிப்பக்கா நம்பி ஓடினாள். அடுத்த திங்கட்கிழமையே இலக்கு ஏறிவிட்டது. லைனில் ஒருத்தியும் அவளோடு பேசவில்லை. கைப்பிடி தைக்கிறவள் எழுந்து போக நேரமில்லாமல் அடக்கி அடக்கி, நீர்க்கடுப்பு முற்றி, ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து, வேலையையே விட்டுவிட்டாள். ஜிப்பக்கா பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனாள். வாசலிலேயே நிற்க வைத்துப் பழத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்களாம். அந்த அவமானம் அவள் நெஞ்சில் ஆணி அடித்தாற்போல் இருந்தது.

மானேஜர் இந்தத் தடவை சத்தியம் செய்த அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நியாயம் சொல்ல ஆள் வேண்டுமாம், எனக்கு வேறு வேலை இல்லை பாருங்கள். ஒற்றை அறை வீடு. அவள் அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். அவர் சுவரில் சாய்ந்து காலை நீட்டியிருந்தார். மகள் பள்ளிக்கூடத்துக் கடைசி வருடம், கட்டிலில் உட்கார்ந்து பொருளாதாரம் மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

"இந்த ஒரு தடவ ஓடிடு. ஆர்டர் போச்சுன்னா லைன மூடிடுவாங்க. உன் வேலையும் போகும், என் வேலையும் போகும்" என்றார் மெக்கானிக்.

"உங்க வேல மெஷினுக்கு எண்ணெ விடுறது. ஓடுறவ நான்" என்றாள் அவள், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நான் ஒனக்குக் கெடுதலா சொல்லுவேன்?"

"நீங்க சொல்ல மாட்டீங்க. உங்க வாயில அந்த ஆளு பேசுறாரு. நான் ஓடுனா ஆர்டர் வரும், சரி. அப்புறம் அந்த ஓட்டமே தினப்படி ஆயிடும். அடுத்த வருஷம் இன்னொரு நாட்டுக்காரி அதவிட ஓடுவா. அப்ப என்ன பண்றது? பறக்கவா?"

கட்டிலில் மகள், ஒரு நாட்டின் போட்டித்திறனை நிர்ணயிக்கும் காரணிகளை வரிசையாக ஒப்பித்துக்கொண்டிருந்தாள். துறைமுகம், மின்சாரம், சாலை, வட்டி விகிதம், நாணய மதிப்பு, உழைப்பாளர் திறன் என்று போனது.

"கடைசியா என்ன சொன்ன?" என்று கேட்டாள் தாய்.

"உழைப்பாளர் திறன்."

"அதுக்கு முன்னாடி இருக்குற அத்தனையையும் யாராவது உக்காந்து விரட்டுறாங்களான்னு உங்க டீச்சரக் கேளு."

மகள் புத்தகத்தை மூடிவிட்டாள். ஜிப்பக்கா என்னைப் பார்த்து, "அண்ணே, நீங்களே சொல்லுங்க" என்றாள். நான் என்னத்தைச் சொல்ல. அவர் சொல்வதும் சரி, இவள் சொல்வதும் சரி. இரண்டு பக்கமும் சரியாக இருக்கிற வழக்கில் நியாயம் சொல்கிறவனைப் போல முட்டாள் கிடையாது. நேரமாச்சு என்று எழுந்தேன். யாரும் இரு என்று சொல்லவில்லை.

விடிந்ததும் வேலைக்குப் போகிற வழியில் அவளே பேசினாள். ராத்திரி பூரா யோசித்தாளாம். மகளை மேலே படிக்க வைக்க வேண்டும், வேறு வழியில்லை, ஓடிவிடுகிறேன் என்றாள். லைனில் மற்றவர்களிடமும் சொல்லிவிட்டாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் யாரும் மறுக்கவில்லை, அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே.

கம்பெனி ஆள் வந்த அன்றைக்கென்று வெயில் கொளுத்தியது. கூரையிலிருந்து சூடு இறங்கித் தலையில் உட்கார்ந்துகொண்டது. மின்விசிறிகள் அனல் காற்றைத்தான் கிளறிக்கொண்டிருந்தன. கம்பெனியிலிருந்து வந்தவள் சின்ன வயதுப் பெண். அதட்டல் இல்லை, அலட்டல் இல்லை. எல்லோருக்கும் வணக்கம் சொன்னாள், ஜிப்பக்காவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், மானேஜர் மூலமாகப் பிள்ளைகள் எத்தனை என்று விசாரித்தாள். ஜிப்பக்கா சிரித்துக்கொண்டே பதில் சொல்லித் தைக்கத் தொடங்கினாள். ஓடினாள், பொய் சொல்லக் கூடாது. ஜிப் வளைவில் அப்படியே வழுக்கிக்கொண்டு போனது. பைகள் என் மேஜைக்கு வந்து விழுந்தன. நானும் அடுக்கினேன்.

அப்புறம் அந்தப் பெண் தன் பையிலிருந்து வாட்ச்சை எடுத்தாள்.

என் மேஜைக்குப் பை வருவது குறைந்தது. நிமிர்ந்து பார்த்தேன். ஜிப்பக்கா குனிந்து தைத்துக்கொண்டுதான் இருந்தாள். நெற்றியில் வேர்வை, உதட்டைக் கடித்திருந்தாள், உயிரைக் கொடுத்து ஓடுகிற முகம். ஆனால் கை ஜிப்பை இரண்டு தடவை நீவியது. இல்லாத பிசிறைத் தேடியது. லைன் முழுக்கவும் அப்படித்தான். எல்லாக் கைகளும் வாட்ச் நடைக்குப் போய்விட்டன, முகங்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. தூணோரம் நின்ற மெக்கானிக்கைப் பார்த்தேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் சுவர் வழியாக வந்தது அதிகம் இல்லை.

"ஓடுனேங்க. நீங்க பாத்தீங்கல்ல?" என்றாள்.

அவள் மறுபடியும் கேட்டாள்.

"ஓடுனதா நெனச்சிட்ட" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கே தாங்கவில்லை.

"பொய். என் கை எனக்குத் தெரியாதா?"

"எனக்கு சத்தம் தெரியும்மா."

அதற்கப்புறம் பாத்திரம் கழுவுகிற சத்தம்தான் கேட்டது. கழுவின பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவியிருக்க வேண்டும்.

ஆர்டர் போய்விட்டது. மானேஜர் லைன் நடுவில் நின்றுகொண்டு சொன்னார். கொஞ்சத்தில் தவறிவிட்டதாம், ஒரு பைக்கு ஒரு நிமிஷம்கூட வித்தியாசம் இல்லையாம். சொல்லும்போது ஜிப்பக்கா இருக்கும் பக்கம் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பினார். எனக்கு வந்ததே கோபம். போன மாதம் நான் கட்டிய பெட்டிகள் துறைமுகத்தில் கப்பலுக்காக எத்தனை நாள் கிடந்தன? ஊரிலிருந்து துறைமுகத்துக்குப் போகிற சாலையில் லாரி எத்தனை குழியில் இறங்கி ஏறுகிறது? நாள் தவறாமல் மின்சாரம் போகிறதே, அப்போது லைன் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதே? அதற்கெல்லாம் பக்கத்தில் எவனும் வாட்ச்சோடு போய் நிற்கவில்லை. கப்பல் ஊறப் போட்ட நாட்களை ஒரு பொம்பளையின் விரலில் மிச்சம் பிடிக்கப் பார்த்தார்கள். இதை நான் அங்கே சொல்லவில்லை. நாடாவை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன், வீட்டுக்குப் போன பிறகுதான் வாய் வந்தது.

மூன்றாவது லைனை மூடினார்கள். வேடிக்கை என்னவென்றால், ஆர்டர் போன நாட்டிலும் எங்கள் முதலாளிக்கு ஒரு கூட்டாளி இருந்தான். மெஷின்களையும் நாற்காலிகளையும் அங்கே அனுப்பிவிடுவதென்று முடிவு. கட்டுகிற வேலை எனக்கு வந்தது. ஜிப் மெஷினுக்குக் கீழே பஞ்சு வைத்து, நாலு பக்கமும் மரச்சட்டம் அடித்துக் கட்டினேன். என்னதான் இருந்தாலும் வேலையில் குறை வைக்க மனசு வரவில்லை. ஜிப்பக்கா வந்து பார்த்தாள். மெஷின் தலையில் கையை வைத்துவிட்டு, கடைசி நாளில் நாற்காலியிலேயே விட்டுப்போன துணியை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.

மெஷினோடு மெக்கானிக்கும் போக வேண்டும் என்றார்கள். அங்கே போய் நிறுத்தி ஓடவிட்டு, கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். போனால் இருவருக்கும் வேண்டிய சம்பளம் அவர் ஒருவருக்கே வரும், போகாவிட்டால் ஒன்றும் இல்லை. கல்யாணம் ஆனதிலிருந்து அவர்கள் ஒருநாள்கூடப் பிரிந்து படுத்ததில்லை. பிரசவத்துக்குக்கூட அவள் தாய் வீட்டுக்குப் போகாமல், தாயை இங்கே வரவழைத்தவள். கிளம்புகிற அன்று அவருக்கு முட்டை அவித்து, உப்பும் மிளகுத்தூளும் தனியாகப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். வண்டி கிளம்பும்வரை அழவில்லை. வண்டி போன பிறகு என்னிடம், "அன்னிக்கு கை நின்னுடுச்சுண்ணே" என்றாள். அவ்வளவு நாளும் ஓடினேன் ஓடினேன் என்று சாதித்தவள். நான் தலையை ஆட்டினேன், வேறு என்ன செய்ய.

அப்புறம் அவள் ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்பு துவைத்து மடிக்கிற வேலைக்குப் போனாள். நீராவியில் நின்று நின்று கை வெளுத்து, விரல் நுனியெல்லாம் சுருங்கிவிட்டது. அங்கேயும் மடிப்பை எண்ணுவதற்கு ஓர் ஆள் இருக்கிறான் என்று சிரித்தாள். மகள் காலேஜில் சேர்ந்தாள், பொருளாதாரம் இல்லை, கணக்கு. பொருளாதாரம் பிடிக்கவில்லையா என்று கேட்டேன். எதற்கு மாமா, எங்க அம்மாவைப் பற்றி அதில் ஒரு வரிதான் இருக்கு என்றாள்.

வார லீவு நாளில் சாப்பாட்டு நேரத்துக்கு மெக்கானிக்கின் போன் வரும். சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து, முகம் பார்த்துப் பேசிக்கொள்வார்கள். எனக்கும் அங்கேதான் சாப்பாடு. எனக்கென்று சமைக்க யார் இருக்கிறார்கள், அவளும் கணக்குப் பார்க்கிறவள் இல்லை. ஒருநாள் தட்டில் கை வைத்தபோதுதான் போனில் அவர் முகம் வந்தது. ஆள் இளைத்திருந்தார். முதலில் என்னைப் பார்த்து, "அண்ணே, உங்க கட்டு அவ்வளவு தூரம் வந்தும் ஒரு ஆணி அசையல" என்று பழைய கதையை மறுபடியும் சொன்னார். அப்புறம் சாப்பிட்டியா, தூங்கினியா, வெயிலா, மழையா. பேச்சு முடிகிற இடத்தில் முடியாமல் நின்றது. ஏதோ சொல்லாமல் வைத்திருக்கிறார் என்று எனக்கே தெரிந்தது.

"என்னன்னு சொல்லுங்க" என்றாள்.

விஷயத்தைச் சொன்னார். அங்கேயும் அதே கம்பெனிதான் வந்திருக்கிறது. இப்போது மூன்றாவதாக ஒரு நாடு வந்துவிட்டதாம், அங்கே கூலி இன்னும் சல்லிசாம். அதனால் அவர் இருக்கிற ஆலையில் மறுபடியும் வாட்ச் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். ஜிப்பில்தான் இழுக்கிறது. மெதுவாகப் போவது மெஷினா, தைக்கிறவளா என்று அந்த ஊர் மானேஜர் இவரைக் கேட்டிருக்கிறார். நாளைக் காலையில் பதில் சொல்ல வேண்டும்.

"உன் மெஷின்தான். அதுலதான் அவ உக்காந்திருக்கா" என்றார்.

"மெஷின் எப்படி இருக்கு?"

"மெஷினுக்கு என்ன. ஜம்முனு ஓடுது." குரலைத் தாழ்த்தினார். "அவதான். வாட்ச் நடை."

ஜிப்பக்கா தட்டைத் தள்ளி வைத்தாள். அவள் முகம் கறுத்ததை நான் பார்த்தேன். அந்த நாட்டுக்காரிதானே நம் வாயில் மண்ணைப் போட்டவள் என்று எத்தனையோ தடவை என்னிடம் ஆற்றாமைப்பட்டவள். அந்தப் பெண்ணைக் கண்டதும் இல்லை, பெயரும் தெரியாது; பெயரைச் சொல்லிச் சபிக்க முடியாததே ஒரு குறையாக இருந்தது ஜிப்பக்காவுக்கு.

"நம்மகிட்டேருந்து புடுங்கிக்கிட்டுப் போனாளே, அப்ப ஓடுனாளா?" என்று கேட்டாள்.

"அப்பவும் இதே நடைதானாம். இங்க கூலி கம்மி, துறைமுகம் பக்கத்துலயே இருக்கு. நீ ஓடியிருந்தாலும் ஆர்டர் இங்கதான் வந்திருக்கும் போல. இங்க வந்துதான் எனக்குத் தெரிஞ்சுது."

நானும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை மாதம் தன் கைதான் புருஷனைக் கடல் தாண்டி அனுப்பிவிட்டது என்று வெந்துகொண்டிருந்தவளிடம், அவர் இதைக் கூலி கம்மி, துறைமுகம் பக்கம் என்று சாதாரணமாகச் சொல்லி முடித்துவிட்டார். அவள் விரல்களை விரித்து, வெளுத்துப் போன நுனிகளைப் பார்த்தாள்.

"அவ உங்ககிட்ட ஏதாவது கேட்டாளா?" என்றாள் கடைசியில்.

"பாஷ தெரியாதே. நான் காது குடுத்துக் கேக்கும்போது நிமிந்து பாத்தா. அவ்வளவுதான்."

"எப்படிப் பாத்தா?"

அவர் இவள் முகத்தையே பார்த்தார். வேறு பதில் வேண்டியிருக்கவில்லை.

"தைக்கிறவதான்னு சொன்னா அவள எடுத்துட்டு வேற ஆளப் போடுவாங்க" என்றார். "மெஷின்னு சொன்னா என் தலையிலதான் விழும். மெஷினப் பாக்கத்தானே என்ன இங்க வச்சிருக்காங்க."

மகள் வாயைத் திறந்தாள், காலேஜ் செலவு அவர் சம்பளத்தில்தான் போகிறது, ஆனால் ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டாள். இந்தத் தடவை என்னை யாரும் நியாயம் கேட்கவில்லை, அந்த மட்டும் பிழைத்தேன்.

ஜிப்பக்கா போனைக் கையில் எடுத்து முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"மெஷின்ல கோளாறுன்னு சொல்லுங்க."

"நல்லா யோசிச்சு சொல்லு. வேல போனாலும் போயிடும்."

"போனா வீட்டுக்கு வாங்க. எனக்கு சொன்னீங்கல்ல அன்னிக்கு? அவளுக்கும் சொல்லுங்க."

அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு மின்விசிறி கடகடவென்று ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "சரி" என்றார். வைத்துவிடப் போனவரை இவள்தான் நிறுத்தினாள்.

"இருங்க. அந்த நாற்காலி குட்டையாச்சே, அவ கீழ ஏதாவது போட்டு உக்காந்திருக்காளா?"

"இல்ல. வெறும் பலகதான்."

"நாளைக்கு ஒரு துணிய நல்லா மடிச்சுக் குடுங்க அவகிட்ட. முதுகு போயிடும்."